வெள்ளத்தில் மூழ்கிய ஒலிவாங்கி

நீரில் விழுந்த மின்கருவி அத்துடன் ஒழிந்தது என்று முடிவு கட்டுவோர் ஒரு சாரார். அதனை எடுத்து உதறித் துடைத்து, 'உயிர் இருக்கிறதா பார்ப்போம்' என்று அக்கணமே மின்சாரத்தில் மாட்டுவோர் மற்றொரு சாரார். நம்மவருள் இவ்விரு சாராருமல்லாத மூன்றாமவரைக் காண்டல் அரிது. முன்னவர் கருவியைக் குப்பையில் எறிகின்றனர். பின்னவர் தம் கையாலேயே அதனைக் கொன்றுவிட்டுப் பின்பு குப்பையில் எறிகின்றனர். ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, ஒலிநாடா இவற்றைப் பழுது பார்த்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிள்ளானில் பிழைத்துவரும் எனக்கு இவ்விரு சாராரிடமும் கூறவேண்டுவது ஒன்றுண்டு. அது யாதெனின், கருவியைக் கெடுப்பது பெரும்பாலும் நீரன்று. நீர் உள்ளிருக்கும்போதே நாம் செலுத்தும் மின்சாரமும், நீர் வற்றிய பின் அது விட்டுச்செல்லும் அழுக்குமே கெடுப்பன என்பதாம்.

மலாயாவுக்கு வெள்ளம் புதிதன்று. 1926-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தைப் பற்றி நம் முன்னோர் பேசக் கேட்டிருக்கிறோம். 1971-ஆம் ஆண்டு ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கிற்று. 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தான் முதலிய கிழக்குக் கரை மாநிலங்கள் மூழ்கின. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள், சனிக்கிழமை, சிலாங்கூரில் விடாது பெய்த மழையால் கிள்ளான் ஆற்றோரத்துத் தாழ்ந்த பகுதிகள் நீர்க்காடாயின. அவற்றுள் மிகுதியும் துன்புற்றவற்றில் ஒன்று ஷா ஆலத்தைச் சேர்ந்த தாமான் ஸ்ரீ மூடா. கூரைமேல் ஏறி நின்று படகுக்காகக் காத்திருந்தோர் பலர். நாட்டில் அவ்வெள்ளத்தால் ஐம்பதுக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். உயிர் போன இடத்தில் ஒலிவாங்கியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயின் உயிர் தப்பியவன் மறுநாள் முதல் உண்ணவேண்டும் அன்றோ? உழவனுக்கு ஏர் எவ்வாறோ, தையற்காரனுக்குப் பொறி எவ்வாறோ, அவ்வாறே 'மைக் செட்' வாடகைக்கு விடுபவனுக்கு ஒலிபெருக்கி.

அத்தகையவர் ஒருவரைப் பற்றியதே நான் எழுதப் புகுந்த செய்தி. அவர் தாமான் ஸ்ரீ மூடாவில் ஓரடுக்கு வீடொன்றில் மனைவியுடனும் பதினாறு வயது மகளுடனும் வாழ்பவர். தோட்டத்தில் அவர் தந்தையார் 1979-ஆம் ஆண்டில் தொடங்கிய தொழிலையே அவரும் செய்துவந்தார். திருமணம், காதணி விழா, பொங்கல் விழா, இறந்தார் வீடு என எதற்கழைத்தாலும் போவார். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது முதல் ஏறத்தாழ இருபது மாதங்கள் அவருக்குத் தொழிலே இல்லை. மக்கள் கூடலாகாது என்றபோது மக்கள் கூட்டத்துக்குக் குரல் கொடுக்கும் கருவிக்கு என்ன வேலை? மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. 2021-ஆம் ஆண்டின் கடைசியில்தான் ஒன்றிரண்டு அழைப்புகள் வரத் தொடங்கின. அப்போது வந்தது வெள்ளம்.

நீர் வடிந்த பின் அவர் தம் கருவிகளை உறவினர் ஒருவருடைய லாரியில் ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். கம்பியுள்ள ஒலிவாங்கிகள் நான்கு, கம்பியில்லாதன இரண்டு, மேடையில் நட்டுவைக்கும் வளைகழுத்து ஒலிவாங்கி ஒன்று, ஆம்பிளிபையர் இரண்டு, மிக்ஸர் ஒன்று, குழாய் ஒலிபெருக்கி இரண்டு, பெட்டி ஒலிபெருக்கி நான்கு. இவையன்றி, மூடியில்லாத நெகிழித் தொட்டியொன்றில் சேற்றோடு சேறாய்க் கிடந்த ஒலிநாடாக்கள் நாற்பத்தொன்று. வழியில் ஒரு கடையில் நிறுத்திக் கேட்டாராம். அக்கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்து, 'இவை இனிப் பழைய இரும்புதான். மொத்தமாக நூற்றைம்பது வெள்ளி தருகிறேன்' என்றாராம். துன்பப்பட்டவன் வாசலில் வந்து நிற்கும்போது தராசைத் தூக்கும் மனிதர் எல்லா ஊரிலும் உளர்.

அவர் கொண்டுவந்த இரண்டு ஆம்பிளிபையர்களைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். இரண்டும் ஒரே கம்பெனியின் ஒரே வகை. ஒரே நாளில் வாங்கப்பட்டவை. ஒரே மரத்தட்டில் அடுத்தடுத்து இருந்தவை. இரண்டையும் மூடிய நீரும் ஒன்றே. ஒன்றை மட்டும் அவருடைய மைத்துனர், மின்சாரம் மீண்ட அன்றே வெளிப்புறத்தைத் துடைத்து மாட்டிப் பார்த்திருக்கிறார். சில நிமிடம் சிவப்பு விளக்கு எரிந்ததாம், எல்லாரும் மகிழ்ந்தார்களாம், பிறகு சீறலும் புகையும். அதைத் திறந்து பார்த்தபோது இணைப்புப் பலகையின் செம்புக் கோடுகள் இரண்டு இடங்களில் அறவே அரிக்கப்பட்டும், அவற்றினருகே பச்சைக் களிம்பு பூத்தும், வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் வெடித்தும் கிடந்தன. மாட்டாத மற்றதைத் திறந்தேன். உள்ளே ஒரு விரற்கடை சேறு. ஆயின் செம்பு செம்பாகவே இருந்தது.

காரணம் எளிது. தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். வெள்ள நீரோ உப்பும், சாக்கடையும், வீடுதோறும் இருந்த சவர்க்காரமும், மோட்டார் வண்டி எண்ணெயும் கலந்த குழம்பு. அதில் கரைந்த உப்புகள் மின்சாரத்துக்கு வழி போட்டுக் கொடுக்கின்றன. மின்சாரம் பாயும்போது நேர்முனையிலுள்ள செம்பு கரைந்து எதிர்முனையை நோக்கிப் பயணம் செய்கின்றது. கொல்லர் பூச்சுப் பூசுவதற்கு வேண்டுமென்றே செய்கிற அதே வேலை, இங்கே வேண்டாத இடத்தில் நடைபெறுகின்றது. முடிபோன்ற செம்புக்கோடு அறுந்துபோக நெடுநேரம் வேண்டுவதில்லை. மின்கலத்தோடு மூழ்கிய கருவிக்கும் இதுவே கதி. யாரும் விசையைத் தட்டவேண்டியதே இல்லை. கம்பியில்லா ஒலிவாங்கிகள் இரண்டில், மின்கலம் உள்ளேயே இருந்தது ஒன்று, எடுத்துவைக்கப்பட்டிருந்தது மற்றொன்று. எது பிழைத்தது என்று நான் சொல்லவேண்டுமா?

ஆதலின் வெள்ளத்தினின்று கருவியை எடுப்பவர் முதலில் செய்யத்தக்கது, ஒன்றும் செய்யாதிருத்தல். மின்கம்பியைப் பிடுங்குக, மின்கலத்தைக் கழற்றுக, விசையைத் தொடாதிருக்க. ஊறிய லித்தியம் மின்கலம் தீப்பற்றக்கூடியது. அதனை வீட்டுக்குள் வைக்கவும் வேண்டா, மீண்டும் மின்னேற்றவும் வேண்டா. கைக்கு உறை அணிதல் இன்றியமையாதது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளச் சேற்றால் எலிக்காய்ச்சல் வரும். கால் விரலிடுக்கில் சிறு வெடிப்பிருந்தாலும் அக்கிருமிக்கு அது போதும். ஒரு ஒலிவாங்கிக்காக ஆளைப் பறிகொடுத்தல் ஆகாது. ஆம்பிளிபையரைத் திறப்பவர் இன்னுமொன்று அறிந்திருத்தல் வேண்டும். கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள்ளிருக்கும் பெரிய மின்தேக்கிகள் மின்சாரத்தைத் தேக்கிவைத்துக்கொண்டிருக்கும். ஒரு மின்தடையின் வழியே அதை வடித்துவிட்டு, மானியால் அளந்து பார்த்த பின்னரே விரலை உள்ளே விடலாம். இதை அறியாதவர் மூடியைத் திறவாதிருத்தலே நன்று.

அடுத்து நான் செய்யச் சொன்னதைக் கேட்டு அத்தம்பி திகைத்துப்போனார். 'எல்லாவற்றையும் கழுவு' என்றேன். 'அண்ணே, தண்ணீரால் கெட்டதை மறுபடியும் தண்ணீரில் போடுவதா?' என்றார். ஆம், அதுவே முறை. சேறு காய்ந்துவிட்டால் கல்லாகும். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை என்றும் உறிஞ்சிக்கொண்டேயிருந்து உலோகத்தைத் தின்னும். நம் நாட்டின் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. எனவே சேறு ஈரமாயிருக்கும்போதே நல்ல குழாய்நீரால் மென்மையாகக் கழுவி, கடைசியில் காய்ச்சி வடித்த நீரால் அலசுதல் வேண்டும். கார் மின்கலத்துக்கு ஊற்றுவதற்கென்று எண்ணெய் நிலையங்களில் விற்கும் வடிநீர் இதற்குப் போதும். மின்கல அமிலம் வேறு, அதைத் தவறி வாங்கிவிடலாகாது. பின்பு இணைப்புப் பலகைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மென்துரிகை கொண்டு துடைக்க, அது எஞ்சிய நீரையும் இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். நெருப்பில்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் செய்க. அண்டைவீட்டார் ஒருவர் அன்போடு கைகழுவும் கிருமிநாசினிக் களிம்பைப் பெரிய புட்டியில் கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் ஆல்கஹால்தானே என்பது அவர் எண்ணம். அதில் பசையும் மணமும் சேர்த்திருப்பார்கள். கைக்கு நல்லது, கருவிக்கு ஆகாது. நன்றி கூறி வாங்கி, எங்கள் கைக்கே பயன்படுத்திக்கொண்டோம்.

உலர்த்துவதிலும் நம்மவர் இரண்டு பெரும் பொய்களை நம்புகின்றனர். ஒன்று அரிசி, மற்றொன்று முடியுலர்த்தும் பொறி. ஈரமான கருவியை அரிசிப் பானையில் புதைத்தால் அரிசி நீரை உறிஞ்சிவிடும் என்கின்றனர். மூடிய பானைக்குள் வைப்பதைக் காட்டிலும் திறந்த இடத்தில் விசிறியின் முன் வைத்தல் பன்மடங்கு மேல். அரிசியின் மாவுத்தூள் வேறு உள்ளே புகுந்து ஈரத்தோடு சேர்ந்து பசையாகும். அரிசி சோறாக்குவதற்கு, அத்தொழிலை அது செம்மையாகச் செய்கிறது. முடியுலர்த்தும் பொறியோ அனற்காற்றால் மெல்லிய படலங்களைச் சுருங்கச்செய்து, பசையை இளக்கி, நீரை இன்னும் உள்ளே ஊதித் தள்ளும். என் பட்டறையில் ஒரு மரப்பெட்டி உண்டு. அடியில் சிறு குண்டுவிளக்கு, மேலே துளைகள், நடுவே கம்பித்தட்டு, பக்கத்தில் வெப்பமானி. 40 பாகைக்கு மேல் ஏறவிடுவதில்லை. நிழல், காற்று, பொறுமை இம்மூன்றும் போதும். மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரமாயிருப்பதால், விசிறியில் உலர்ந்த பின் சிலிகா ஜெல்லோடு இறுக மூடிய பெட்டியில் இரண்டு நாள் வைப்பேன்.

இனி ஒலிவாங்கிகளுக்கு வருவோம். பழைய காலத்துத் தொலைபேசிகளில் இருந்தது கரித்துகள் ஒலிவாங்கி. ஈரம் பட்டால் துகள்கள் கட்டிபட்டு ஊமையாகிவிடும். தட்டினால் சிறிது பேசும். இன்று மேடைகளில் பெரும்பாலும் காண்பது அசையும் சுருள் ஒலிவாங்கி. மெல்லிய படலமொன்றின் பின்னே தலைமயிர்போன்ற கம்பிச்சுருள். அச்சுருள் காந்தத்தின் இடுக்கில் அசையும்போது மின்சாரம் பிறக்கும். அவ்வளவே அதன் உள்ளுறுப்பு. வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாத எளிய கருவியாதலின், இதுவே வெள்ளத்தையும் பெரிதும் தாங்குவது. 1966-ஆம் ஆண்டில் ஷூர் கம்பெனியார் வெளியிட்ட எஸ்எம் 58 என்னும் ஒலிவாங்கியை அறியாத மேடை இல்லை. அதற்கு அடிப்படையான உறுப்பை எர்னி சீலர் என்னும் பொறியாளர், கீழே போட்டும், சுவரில் எறிந்தும், நீரில் அமிழ்த்தியும் சோதித்துச் சோதித்தே மேடைக்கு ஏற்றதாக்கினார் என்பர். தம்பியிடம் இருந்த நான்கில் இரண்டு இவ்வகை. மற்றிரண்டு அதைப் பார்த்துச் செய்த மலிவுச் சரக்கு.

வலைத்தலையைத் திருகிக் கழற்றி, உள்ளிருந்த பஞ்சை எடுத்து, இரண்டையும் சவர்க்கார நீரில் துவைத்தோம். இருபது மாத எச்சிலும் அவ்வெள்ளச் சேறும் ஒருங்கே வெளிவந்தன. படலமுள்ள உறுப்பை மட்டும் ஓடும் குழாயின்கீழ் காட்டலாகாது. முகம் கீழ்நோக்கப் பிடித்து வடிநீரைத் துளித்துளியாக விட்டுக் கவிழ்த்து வைக்கவேண்டும். இங்கே அஞ்சவேண்டிய பகைவன் நீரன்று, இரும்புத்தூள். ஆற்றுச்சேற்றில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் உண்டு. காந்தம் அவற்றை விடுமா? இடுக்கில் ஒட்டிக்கொண்டு சுருளை உரசச் செய்யும். மலிவுச் சரக்கிரண்டில் படலத்தைச் சுற்றியிருந்த பசை இளகிச் சேறு உள்ளே புகுந்துவிட்டது. ஒன்று ஒழிந்தது, மற்றொன்றில் கீழ்ச்சுருதி ஒலிகள் மெலிந்தன. நல்லன இரண்டும் பிழைத்தன. அவற்றின் கைப்பிடிக்குள் சிறு மின்மாற்றி ஒன்றிருப்பதால், தலை உலர்ந்ததென்று ஏமாறாமல் ஒரு கிழமை பொறுத்தே சோதித்தோம்.

வளைகழுத்து ஒலிவாங்கியின் கதை வேறு. அது எலெக்ட்ரெட் வகை. மின்னூட்டத்தைத் தன்னுள் நிலையாகத் தாங்கியிருக்கும் படலத்தைக்கொண்டு அமைந்தது. இவ்வகையை 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தவர் இருவர். அவருள் ஒருவரான ஜேம்ஸ் வெஸ்ட், வெர்ஜீனியாவில் நிறவேற்றுமை சட்டமாயிருந்த காலத்தில் பிறந்த கருப்பினத்தவர். வெள்ளையரோடு ஒரு பள்ளியில் அமரக்கூடாதென்று விலக்கப்பட்ட இனத்தின் மைந்தர் அமைத்த பொறியே உலகெங்கும் கோடிக்கணக்கான வாய்களுக்குக் காதாய் நிற்கின்றது. நிற்க. இவ்வகைக்கு ஈரம் கொடிது. படலத்தினின்று வரும் மின்குறி மிக மெலிந்தது. ஈரத்திரை சிறிது படிந்தாலும் அதன்வழியே கசிந்து 'படபட' என்னும் இரைச்சல் எழும். ஈரம் நீங்கினால் பெரும்பாலும் குரல் மீளும்; சேறு புகுந்தால் மீளாது. எங்களிடம் வந்தது மீளவில்லை. நல்லவேளையாக அதன் உறுப்பு சில வெள்ளிக்குக் கிடைப்பது, மாற்றிவிட்டோம். ஒலிப்பதிவுக் கூடங்களிலுள்ள விலையுயர்ந்த கண்டென்சர் ஒலிவாங்கியாயின் இப்படி விளையாடலாகாது. பொன்பூசிய அதன் படலத்தை வீட்டில் கழுவாமல் கைதேர்ந்தவரிடம் கொடுப்பதே அறிவு. முற்றும் உலரும் முன் அதற்குரிய 48 வோல்ட் மின்சாரத்தைக் கொடுப்பது கொலை. ரிப்பன் ஒலிவாங்கியையோ மின்தடைமானியால் சோதிக்கவும் கூடாது. அச்சிறு மின்சாரமே அலுமினிய இழையை உதறிவிடக்கூடும்.

ஒலிபெருக்கிகளைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. குழாய் ஒலிபெருக்கிகள் மழையில் நிற்பதற்கென்றே பிறந்தவை; உள்ளே இருந்த படலங்களை மாற்றியதும் பழையபடி கூவின. பெட்டிகள் நான்கில், மரத்தூள் பலகையால் செய்த இரண்டும் ஊறிய ரொட்டிபோல் உதிர்ந்தன; ஒட்டுப்பலகையால் செய்த இரண்டும் நின்றன. காகிதக் கூம்புகள் தொங்காதபடி கிடத்தி உலர்த்தினோம். நான்கில் இரண்டு தேறின.

நான் இதுகாறும் கூறியவை யாவும் நடந்த வரிசைப்படி கூறியவை அல்ல. முதல் நாள் முதல் வேலையாக நாங்கள் எடுத்தது ஒலிநாடாக்களையே. அதனால் கணவன் மனைவியரிடையே ஒரு வழக்கு எழுந்தது. தம்பி ஆம்பிளிபையரைத் தூக்கி என் மேசைமேல் வைத்தார். 'அண்ணே, சோறு போடுவது இதுதான். இதை முதலில் பாருங்கள்' என்றார். அவர் மனைவி நாடாத் தொட்டியைக் காட்டி, 'அது கடையில் கிடைக்கும். இது எந்தக் கடையில் கிடைக்கும்?' என்றார். 'பழைய பாட்டுக் கேட்கும் நேரமா இது?' என்று கணவர் சினந்தார். அம்மையார் அதற்கு மறுமொழி கூறவில்லை. தொட்டியை மட்டும் விடாது பிடித்துக்கொண்டிருந்தார்.

அவை பாட்டு நாடாக்கள் அல்ல. தம்பியின் தந்தையார் தாம் போன இடங்களிலெல்லாம் ஆம்பிளிபையரோடு ஒரு பதிவுப்பொறியையும் இணைத்துவைப்பாராம். தோட்டத்து நாடகங்கள், பொங்கல் விழாப் பேச்சுகள், திருமண வாழ்த்துகள், இரவு முழுதும் பாடிய ஒப்பாரி என 1980-ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுக் காலத்துக் குரல்கள். அத்தோட்டம் இன்றில்லை. பால்மரங்கள் வீழ்த்தப்பட்டு வீடுகள் வந்துவிட்டன. மக்கள் திசைக்கொருவராய்ப் போயினர். அவ்வம்மையாரும் அத்தோட்டத்தில் பிறந்தவரே. அவர் தாயார் பால் வெட்டியவர். படம்கூட ஒன்றிரண்டுதான் உண்டு. ஒப்பாரி நாடாவொன்றில் அத்தாயின் குரல் இருக்கிறது என்பதைப் பிறகே சொன்னார்.

நான் அம்மையார் பக்கமே தீர்ப்புச் சொன்னேன். இரக்கத்தினால் அன்று, தொழில் முறையினால். அலசிவைத்த ஆம்பிளிபையர் பத்து நாள் காத்திருக்கும். நாடா காத்திராது. நாடாவிலுள்ள ஒலி காந்தப் பதிவு. நீர் காந்தத்தை அழிப்பதில்லை. ஆயின் ஈரம் அரைகுறையாகக் காய்ந்தால் சுற்றோடு சுற்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது ஒலியைத் தாங்கிய பூச்சு உரிந்துவரும். நம் நாட்டு வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சையும் படரும். ஆகவே ஈரமான நாடாவைக் காயவிடாமல், முறை வரும்வரை குளிர்ந்த தூய நீரிலேயே வைத்திருத்தல் வேண்டும். வெயிலில் காயவைத்தலும், பனிப்பெட்டியில் உறையவைத்தலும், ஈரத்தோடு ஓட்டிப்பார்த்தலும் கூடா.

அறுபது நிமிட நாடா ஒன்றின் நீளம் 85 மீட்டருக்கு மேல். அகலமோ 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அத்தகைய நாற்பத்தொன்றைத் திறக்கவேண்டும். பெரும்பாலானவற்றுக்கு ஐந்தைந்து திருகாணிகள். சில, திருகாணியின்றி ஒட்டப்பட்டவை, விளிம்பைக் கத்தியால் பிளக்கவேண்டியவை. எனக்கோ கண் மங்கும் வயது. அப்போது அவர் மகள் திருப்புளியைக் கையிலெடுத்தாள். 'நீ போய் அம்மாவுக்கு உதவி செய். இது ஆண்பிள்ளை வேலை' என்றார் தந்தை. வீட்டில் கஞ்சி காய்ச்ச அடுப்பே இல்லாதபோது அம்மாவுக்கு உதவுவதெங்ஙனம்? நான் ஒரு நாடாவை அவளிடம் கொடுத்தேன். திறந்து, நடுவிலிருந்த சிறு அழுத்துப்பஞ்சும் உருளைகளும் எங்கெங்கே இருந்தன என்று முதலில் தாளில் வரைந்துகொண்டாள். பிறகு சுருள்களை எடுத்து, நாடாவின் முனை நழுவாமல் பிடித்து, மூன்று தட்டு நீரில் மாற்றி மாற்றி அலசினாள். ஆண்பிள்ளை என்னிடம் இருபது ஆண்டுகளில் வந்து கற்றவர்கள் சிலர் உண்டு. முதலில் படம் வரைந்துகொண்டவன் ஒருவனும் இல்லை.

கடைசித் தட்டு வடிநீர். பின்பு எழுத்தொட்டாத தூய துணிமேல், விசிறிக் காற்றில், வெப்பமின்றி. முழுவதும் உலர்ந்தபின் புதுக்கூட்டில் ஏற்றி, பொறியால் விரைந்து சுழற்றாமல் கையாலே மெல்லச் சுற்றி, ஒருமுறை மட்டும் ஓட்டி, ஓடும்போதே கணினியில் படியெடுத்தோம். இரண்டாம் ஓட்டத்தை நம்பி முதல் ஓட்டத்தை வீணாக்கலாகாது. ஒவ்வொரு நாடாவும் முடிந்தவுடன் பொறியின் தலையைத் துடைக்கவேண்டும். முதல் துணியிலேயே பழுப்பு நிறம் ஒட்டிற்று. வேலை முடியப் பிப்ரவரி ஆயிற்று. நாற்பத்தொன்றில் முப்பத்துமூன்று முழுமையாகத் தேறின. ஐந்து இடையிடையே அறுபட்டன. மூன்று ஒன்றுக்கும் உதவாமற்போயின. அம்மையார் தேடிய ஒப்பாரி தேறியவற்றுள் இருந்தது. அதை அவர் என் பட்டறையில் கேட்க ஒருப்படவில்லை. கைப்பேசியில் ஏற்றித் தரச்சொல்லி வாங்கிப் போனார்.

மாட்டாத ஆம்பிளிபையர் என்ன ஆயிற்று என்று தொழிலறிந்தவர் கேட்பர். அலசி, துடைத்து, மின்மாற்றியைக் கழற்றிப் பெட்டியில் பதின்மூன்று நாள் உலர்த்தினோம். மின்மாற்றியின் சுருள்களுக்குள் புகுந்த நீர் எளிதில் வெளிவராது. 500 வோல்ட் மெக்கர் கொண்டு அளந்து, காப்பு ஒரு மெகாஓமுக்குக் குறையாமலிருப்பதைக் கண்ட பின்னரே மீண்டும் பூட்டினேன். முதல்முறை நேரே மின்சாரத்தில் மாட்டாமல் ஒரு குண்டுவிளக்கைத் தொடரில் சேர்த்து மாட்டினோம். உள்ளே எங்கேனும் குறுக்குப் பாய்ச்சல் இருந்தால் விளக்கு முழுவதும் எரிந்து, கருவியைக் காக்கும். விளக்கு ஒருமுறை மின்னி மங்கிற்று. தம்பி மூச்சு விட்டார். ஒலித்திருகுகளைத் திருப்பும்போது மட்டும் கரகரப்பு; அவற்றை மாற்றினோம். மிக்ஸர் பிழைக்கவில்லை. செலவு, உறுப்புகளுக்கு மட்டும், அறுநூறு வெள்ளிக்குள் அடங்கிற்று. கடைக்காரர் தருவதாகச் சொன்ன நூற்றைம்பதை நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச்சு மாதத்தில் ஒரு சிறு திருமணம் கிடைத்தது. ஆம்பிளிபையர் ஒன்று, ஒலிவாங்கி இரண்டு, பெட்டி இரண்டு. அவ்வளவைக்கொண்டே போய்வந்தார். கீழ்ச்சுருதி மெலிந்த அந்த மலிவு ஒலிவாங்கியையும் எறியவில்லை. பெயர் கூப்பிடுவதற்கு அது போதுமாம்.

அறுபட்ட ஐந்து நாடாக்களுள் ஒன்று, தோட்டத்து இளைஞர் நடித்த சமூக நாடகம். நடுவே பதினொரு நிமிடம் வெறும் இரைச்சல். அதில் நடித்த பெண்மணி ஒருவர் இப்போது சிரம்பானில் பேரப்பிள்ளைகளோடு இருப்பதாக அறிந்து, தம்பியின் மகள் அவரைத் தொலைபேசியில் அழைத்து, அவ்விடத்தில் என்ன வரும் என்று கேட்டாள். அம்முதியவர் தம் பகுதியை ஏறத்தாழப் பாதிவரை தடையின்றிச் சொன்னார். பிறகு மறந்துவிட்டது. 'மேடையிலும் இந்த இடத்தில்தான் எனக்கு மறந்தது. உன் தாத்தாதான் மைக்கை மூடிக்கொண்டு அடியெடுத்துக் கொடுத்தார்' என்று சிரித்தாராம். அதையும் அவள் பதிவு செய்து, அந்நாடாவின் எண்ணையே இட்டு வைத்திருக்கிறாள்.